ராத்திரி நன்றாக இருந்த கார் காலையில் செல்ஃப் எடுக்கவில்லையா? பேட்டரி இறங்கும் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு முழு வழிகாட்டி

விடிகாலையில் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போக வேண்டும். பெட்டிகளை எல்லாம் டிக்கியில் ஏற்றியாகிவிட்டது. சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டு விளக்குகள் மங்கி, பானெட்டுக்கு உள்ளிருந்து ‘கட கட கட’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். நேற்று இரவு எட்டு மணி வரை எந்தத் தொந்தரவும் தராத வண்டி.

நாகர்கோவில் பக்கத்தில் கார் வைத்திருக்கும் பலருக்கு இந்த அனுபவம் உண்டு. எனக்கும் உண்டு. மூன்று வருடங்களுக்கு முன் என் சிறிய பெட்ரோல் கார் இப்படி நின்றபோது, பார்க்க வந்தவர் மீட்டர் எதையும் எடுக்காமலே “பேட்டரி போச்சு” என்றார். புதிது வாங்கிப் போட்டேன். மூன்று வாரம் ஒழுங்காக ஓடியது. ஊர்த் திருவிழாவுக்காக நான்கு நாள் வண்டியை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை அதே ‘கட கட’. புதுப் பேட்டரி, அதே சத்தம். அன்றைக்குத்தான் நானே மல்டிமீட்டரைக் கையில் எடுத்தேன். அதன் பிறகு உறவினர், பக்கத்து வீட்டுக்காரர் என்று நிறைய வண்டிகளைப் பார்த்துவிட்டேன். அதில் கற்றதை எல்லாம் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

சிறிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி இருக்கும். டீசல் வண்டியில் அதைவிடப் பெரியது. பூட்டி நிறுத்தியிருந்தாலும் கார் கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கொண்டேதான் இருக்கும். கடிகாரம், அலாரம், ரிமோட் சாவியின் சிக்னலுக்குக் காத்திருக்கும் பகுதி, கம்ப்யூட்டரின் நினைவகம் எல்லாவற்றுக்கும் அது தேவை. 50 மில்லியாம்பியர் வரை இருந்தால் சரி என்பது பொதுக்கணக்கு. நல்ல நிலையில் உள்ள பல வண்டிகள் 20, 30-லேயே நின்றுவிடும்.

50 மில்லியாம்பியர் என்றால் பத்து மணி நேரத்தில் 0.5 ஆம்பியர் ஹவர். 35-ல் இது ஒன்றுமே இல்லை. டிக்கிக்குள் ஒரு 5 வாட் பல்பு இரவெல்லாம் எரிந்தால்? சுமார் 0.4 ஆம்பியர் வீதம் பத்து மணி நேரத்தில் 4 ஆம்பியர் ஹவர். அப்போதும் நல்ல பேட்டரி காலையில் செல்ஃப் எடுக்கும். முழு சார்ஜில் இருக்கும் ஆரோக்கியமான பேட்டரி ஒரே இரவில் காலியாக வேண்டுமானால் 2 ஆம்பியருக்கு மேல் ஒழுக வேண்டும். பார்க்கிங் லைட்டை அணைக்க மறந்தது, ஏதோ ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டது மாதிரிப் பெரிய விஷயம் இருந்தால்தான் அது நடக்கும்.

அப்படியானால் இத்தனை வண்டிகள் எப்படி ஒரே இரவில் நிற்கின்றன? நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் இரண்டு கோளாறுகள் கைகோத்துக்கொண்டிருந்தன. ஒரு சின்ன ஒழுக்கும், தேய்ந்துபோன அல்லது அரைகுறையாகச் சார்ஜ் ஏறும் பேட்டரியும். பேட்டரியை மட்டும் மாற்றினால் புதுப் பேட்டரி அந்த ஒழுக்கைச் சில வாரம் மறைத்து வைக்கும். பிறகு அதுவும் அடிக்கடி காலியாகி, வாரண்டி முடியும் முன்னாலேயே கெட்டுப்போகும். ஒழுக்கை மட்டும் அடைத்தால் பழைய பேட்டரி அடுத்த மழைக்காலத்தில் கைவிடும். அதனால் ஒரு குற்றவாளி கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

தேவையான சாமான்கள்

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதே போதும். 10 ஆம்பியர் வரை அளக்கும் துளை அதில் இருக்க வேண்டும். பேட்டரி டெர்மினலைக் கழற்ற 10 எண் ஸ்பேனர். சமையல் சோடா, பழைய பல்துலக்கி, வாஸ்லின். ஜம்பர் கேபிள் வாங்குவதாக இருந்தால் கனமான செம்புக் கம்பி உள்ளதாகப் பாருங்கள். மேலே தடித்த ரப்பரும் உள்ளே மெல்லிய கம்பியுமாக விற்பவை சூடாகுமே தவிர செல்ஃபைச் சுற்றாது.

வேலையைத் தொடங்கும் முன் மோதிரம், காப்பு, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். ஸ்பேனரும் மோதிரமும் சேர்ந்து பிளஸ்ஸையும் பாடியையும் இணைத்துவிட்டால் விரலில் தீக்காயம் நிச்சயம். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது. ஆசிட் தோலிலோ கண்ணிலோ பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் கழுவிய கையோடு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இப்போதைக்கு வண்டியைக் கிளப்ப

கேபிள் மாட்டும் வரிசை இது. சிவப்பின் ஒரு முனை இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை உதவிக்கு வந்த வண்டியின் பிளஸ்ஸில். கறுப்பின் ஒரு முனை உதவி வண்டியின் மைனஸில், கடைசி முனை நின்றுபோன வண்டியின் இன்ஜினில் பெயிண்ட் இல்லாத இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி. கடைசியாக மாட்டும் இடத்தில் பொறி பறக்கும். அது பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. உதவி வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு நின்ற வண்டியைக் கிளப்புங்கள். கழற்றும்போது அப்படியே தலைகீழ் வரிசை. பேட்டரி உப்பியிருந்தாலோ, வெடிப்பு விட்டு ஆசிட் கசிந்தாலோ ஜம்ப் வேண்டாம்.

வண்டி கிளம்பிவிட்டது என்பதால் பேட்டரி சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். முழுக்க இறங்கிய பேட்டரியை மார்த்தாண்டம் வரை ஒரு ஓட்டு ஓட்டி வந்து நிரப்ப முடியாது. மெதுவாக, அதன் திறனில் பத்தில் ஒரு பங்கு கரண்டில், அதாவது 35 ஆம்பியர் ஹவருக்கு 3.5 ஆம்பியரில், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும். பேட்டரிக் கடைகளில் ஒரு நாள் வைத்துச் சார்ஜ் போட்டுத் தருவார்கள். இனி வரும் சோதனைகள் எல்லாம் முழு சார்ஜ் ஏறிய பேட்டரியில்தான் அர்த்தமுள்ள விடை தரும்.

படி 1: எர்த்தைக் கழற்றி வைத்து ஓர் இரவு

பேட்டரி கெட்டதா, வண்டி கரண்டைத் தின்கிறதா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை எந்தக் கருவியும் தராது. முழு சார்ஜ் ஏற்றிய பேட்டரியை மாட்டி, மாலையில் மைனஸ் கேபிளை, அதாவது எர்த்தை, கழற்றிவிடுங்கள். கழற்றும் முன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு டிரைவர் பக்கக் கண்ணாடியைச் சற்று இறக்கி வையுங்கள். மறுபடி மாட்டும்போது சில வண்டிகள் தாமாகவே பூட்டிக்கொள்ளும். கேபிள் நழுவி டெர்மினலில் படாமல் ஒரு துணியைச் சுற்றிவிடுங்கள்.

ஒரு மணி நேரம் கழித்து மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து பேட்டரியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். காலையில் மறுபடி அளங்கள். ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 பாதி, 12.0 கால்பங்கு. 11.9-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். புள்ளிக்கு அடுத்த எண்தான் இங்கே முக்கியம். “12 வோல்ட் இருக்கே, நல்லாத்தானே இருக்கு” என்று சொல்பவர்கள் கால்பங்கு சார்ஜை முழு சார்ஜ் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

எர்த் கழற்றிய நிலையிலும் காலையில் 12.6 என்பது 12.3-க்கு இறங்கியிருந்தால் கோளாறு பேட்டரிக்குள்ளேயே. அப்படியே நின்றால் வண்டிக்குள் ஏதோ குடிக்கிறது, அல்லது பேட்டரிக்கு ஓட்டத்தில் சரியாகச் சார்ஜ் ஏறவில்லை.

இன்னொரு அளவும் உண்டு. ஒருவர் செல்ஃப் அடிக்க, நீங்கள் மீட்டரைப் பாருங்கள். அந்த இரண்டு விநாடியில் வோல்ட் 9.6-க்குக் கீழே விழுந்தால், நிற்கும்போது 12.6 காட்டினாலும் பேட்டரிக்குத் தெம்பு இல்லை என்று பொருள். மூடி திறக்கும் பேட்டரியாக இருந்தால் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் ஆறு செல்களையும் பாருங்கள். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.05-க்கு மேல் குறைவாக இருந்தால் அந்த செல் போய்விட்டது, பேட்டரியும் போய்விட்டது. தண்ணீர் குறைந்து தகடு தெரிந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். கிணற்று நீரும் வேண்டாம், புதிதாக ஆசிட்டும் வேண்டாம்.

படி 2: பேட்டரியின் தலையைத் தொட்டுப் பார்க்க வேண்டும்

நம் மாவட்டத்துக்கு இந்தப் படி மிக முக்கியம். குளச்சல், முட்டம், மணக்குடி, கன்னியாகுமரி என்று கடலோரம் முழுக்க உப்புக் காற்று. தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டும் மழை தரும் மாவட்டம் என்பதால் ஈரத்துக்கும் குறைவில்லை. பேட்டரியின் மேல் பிளாஸ்டிக்கில் தூசி, உப்பு, ஆசிட் ஆவி மூன்றும் சேர்ந்து ஒரு மெல்லிய படலமாக ஒட்டும். ஈரம் பட்டதும் அது கரண்டைக் கடத்தும். பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்கு பேட்டரியின் தலை வழியாகவே ஒரு குறுக்குப் பாதை உண்டாகிவிடும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மீட்டரின் கறுப்பு முனையை மைனஸ் டெர்மினலில் வையுங்கள். சிவப்பு முனையை பேட்டரியின் மேல் பிளாஸ்டிக்கில் மெல்ல இழுத்துக்கொண்டே போங்கள். வெறும் பிளாஸ்டிக், பூஜ்யம்தானே காட்ட வேண்டும்? கடியப்பட்டணத்தில் மைனி (அண்ணி) வீட்டுக் காரில் நான் இப்படி இழுத்தபோது பிளஸ்ஸை நெருங்க நெருங்க 0.6, 1.4, 3 வோல்ட் என்று எண் ஏறிக்கொண்டே போனது. துடைத்த பிறகு அதே இடத்தில் 0.00.

துடைப்பது எளிது. எர்த்தை முதலில் கழற்றுங்கள், பிறகு பிளஸ். வெதுவெதுப்பான ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவைக் கலந்து டெர்மினல் மேல் பல்துலக்கியால் தேயுங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பது நுரைத்துக் கரையும். செல் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். சோடாத் தண்ணீர் உள்ளே இறங்கினால் ஆசிட்டைக் கெடுத்துவிடும். நல்ல தண்ணீரால் துடைத்து நன்றாகக் காயவிட்டு பிளஸ்ஸை முதலில், எர்த்தைக் கடைசியில் மாட்டி இறுக்குங்கள். மாட்டிய பிறகு மேலே வாஸ்லின் பூசுங்கள். இறுக்கிய கிளாம்ப் கையால் திருப்பினால் அசையவே கூடாது.

அப்படியே எர்த் கேபிள் எங்கே போய் பாடியில் முடிகிறது என்றும் பாருங்கள். கடலோர வண்டிகளில் அந்த போல்ட்டும், இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள பின்னல் பட்டையும் துருவேறி இருக்கும். பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் இழுக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 3: ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறதா

இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரித்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது இதுதான். பழைய மெக்கானிக்குகள் இதை இன்றைக்கும் டைனமோ என்றுதான் சொல்வார்கள். இன்ஜினை ஓடவிட்டு பேட்டரியில் அளந்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஹெட்லைட், ஏசி, வைப்பர் எல்லாம் போட்ட பிறகும் 13.5-க்குக் கீழே இறங்கக் கூடாது. 12.5-ஐ விட்டு நகரவே இல்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது. புதிய வண்டிகள் சிலவற்றில் கம்ப்யூட்டரே ஆல்டர்னேட்டரைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டும். எண் ஒரே இடத்தில் நிற்கவில்லை என்று அங்கே பதற வேண்டாம். ஹெட்லைட்டைப் போட்டதும் வோல்ட் ஏறினால் சரி.

இன்ஜின் ஓடும்போதே மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி அதே இடத்தில் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் உள்ளே, கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்று பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். கெட்ட டயோடு வண்டி ஓடும்போது குறைவாகச் சார்ஜ் ஏற்றும், நிற்கும்போது பேட்டரியைத் திரும்ப உறிஞ்சும். இரண்டு பக்கமும் நட்டம்.

வடசேரியிலிருந்து கோட்டாறு சந்தைக்கு, அங்கிருந்து வீட்டுக்கு என்று மழையில் வைப்பரும் ஏசியும் போட்டுக்கொண்டு நெரிசலில் ஊர்ந்து மட்டுமே ஓடும் வண்டிக்கு ஆல்டர்னேட்டர் நன்றாக இருந்தாலும் சார்ஜ் நிறையாது. வாரத்துக்கு ஒரு முறையாவது முக்கால் மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள்.

படி 4: ஒழுகும் கரண்டை அளப்பது

இதற்கு ஒரு மணி நேரமும் பொறுமையும் தேவை. அவசரப்பட்டால் தப்பான எண் கிடைக்கும், தப்பான பொருளை மாற்றுவீர்கள்.

வண்டியை நிறுத்தி எல்லாவற்றையும் அணையுங்கள். டிரைவர் கதவைத் திறந்து வைத்து, கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். கதவு திறந்திருந்தாலும் வண்டி அதை மூடியதாக நினைத்துக்கொள்ளும். உள்ளே உள்ள ஃபியூஸ் பெட்டியை அப்புறம் தொட இது வசதி. வேலை முடிந்ததும் கதவுக் கைப்பிடியை இழுத்து நாக்கை விடுவித்த பிறகே கதவைச் சாத்துங்கள். பானெட்டில் அலாரம் சுவிட்ச் இருந்தால் அதையும் அழுத்திக் கட்டிவையுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியாக இருந்தால் சாவியை வீட்டுக்குள், குறைந்தது பத்து மீட்டர் தள்ளி வையுங்கள். சாவி பக்கத்தில் இருக்கும்வரை சில வண்டிகள் உறங்காது.

மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, டயலை டிசி ஆம்பியருக்குத் திருப்புங்கள். இப்போது எர்த் கேபிளுக்கும் மைனஸ் டெர்மினலுக்கும் நடுவில் மீட்டர் வர வேண்டும்: சிவப்பு முனை கழற்றிய கேபிளில், கறுப்பு முனை டெர்மினலில். எர்த்தைக் கழற்றும் முன் கேபிளையும் டெர்மினலையும் ஒரு தனி வயரால் இணைத்துக்கொண்டு, மீட்டரை மாட்டிய பிறகு அந்த வயரை எடுத்துவிடுவது நல்லது. இணைப்பு ஒரு கணம்கூட அறாது. அறுந்து மறுபடி வந்தால் உள்ளே உள்ள கம்ப்யூட்டர்கள் எல்லாம் புதிதாக விழித்துக்கொள்ளும், உறங்காமல் அடம்பிடித்துக்கொண்டிருந்த ஒன்று அந்த அதிர்ச்சியில் ஒழுங்காக உறங்கியும் போய்விடும். நாம் தேடி வந்த கோளாறு கண்ணெதிரே மறைந்துவிடும்.

மீட்டர் மாட்டிய நிலையில் இக்னிஷனைப் போடாதீர்கள், செல்ஃப் அடிக்கவே அடிக்காதீர்கள். மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் எரிந்துவிடும். அது எரிந்த மீட்டர் எப்போதும் 0.00 காட்டும், “ஒழுக்கே இல்லை” என்று நீங்கள் நம்பி வீட்டுக்குள் போய்விடுவீர்கள். 0.00 கண்டால் உள்விளக்கைப் போட்டுப் பாருங்கள், எண் ஏறினால் மீட்டர் நன்றாக இருக்கிறது.

மாட்டியவுடன் ஓர் ஆம்பியருக்கு மேல்கூடக் காட்டலாம். பயப்பட வேண்டாம். பழைய வண்டி பத்து நிமிடத்தில் அடங்கும், நவீன வண்டிகள் சில அரை மணி நேரத்துக்கு மேலும் எடுக்கும். எண் படிப்படியாக இறங்குவதைப் பார்க்கலாம். ஓரிடத்தில் நின்றதும் எழுதிக்கொள்ளுங்கள். 0.02, 0.03, 0.05 என்றால் சரி. 0.10-க்கு மேல் என்றால் கண்டிப்பாகத் தேட வேண்டும். என் வண்டி 0.31-ல் நின்றது. நாளொன்றுக்கு ஏழு ஆம்பியர் ஹவருக்கு மேல். தினமும் ஓட்டும்போது தெரியாமல், நான்கு நாள் நிறுத்தியதும் புதுப் பேட்டரி ஏன் படுத்தது என்று அந்த எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துபோனது.

வீட்டு எலக்ட்ரீசியன்களிடம் இருக்கும் சாதாரண கிளாம்ப் மீட்டர் இதற்கு உதவாது. அது ஏசியை மட்டுமே அளக்கும். டிசி அளக்கும் கிளாம்ப் வேண்டும்.

படி 5: எந்தக் கிளையில் ஒழுகுகிறது

ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எண் எங்கே விழுகிறது என்று பார்ப்பது பழைய வழி. பழைய வண்டிகளுக்கு இன்றும் நல்ல வழிதான். புதியவற்றில் ஒரு ஃபியூஸைத் தொட்டாலே ஏதாவது ஒரு பகுதி விழித்து எண் குதிக்கும். அதற்குப் பதில் ஃபியூஸைக் கழற்றாமலே பார்க்கலாம். ஒவ்வொரு ஃபியூஸின் முதுகிலும் இரண்டு சிறிய உலோகப் புள்ளிகள் தெரியும். இரண்டாவது மீட்டர் ஒன்றை மில்லிவோல்ட்டில் வைத்து, அல்லது இதே மீட்டரைக் கழற்றி எர்த்தை மாட்டி வண்டி மறுபடி உறங்கிய பிறகு, அந்த இரண்டு புள்ளிகளையும் தொடுங்கள். 0.0 என்றால் அந்த வழியில் கரண்ட் ஓடவில்லை. 0.1, 0.5 என்று ஏதாவது எண் வந்தால் ஓடுகிறது. பெரிய ஃபியூஸில் அதே கரண்டுக்குச் சிறிய எண்தான் வரும் என்பதால் அங்கே இன்னும் கவனமாகப் பாருங்கள். பானெட்டுக்குள் ஒன்று, டேஷ்போர்டுக்கு அடியில் ஒன்று என்று இரண்டு பெட்டிகளையும் பார்த்துவிடுங்கள்.

கிளை தெரிந்ததும், அந்த ஃபியூஸில் என்னென்ன ஓடுகின்றன என்று வண்டியோடு வந்த கையேட்டில் பாருங்கள். ஒவ்வொன்றின் பிளக்கையும் கழற்றி எண் விழும் இடத்தைப் பிடியுங்கள்.

வெளியில் போட்ட ஸ்டீரியோவைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். அதற்கு இரண்டு பவர் வயர்கள்: மஞ்சள் எப்போதும் பேட்டரியோடு, சிவப்பு சாவி போட்டால் மட்டும். வேலை எளிதாக முடிய இரண்டையும் முறுக்கி ஒன்றாகச் சேர்த்து டேப் சுற்றிவிடுவது உண்டு. என் வண்டியில் நடந்தது அதுதான். திரை அணைந்திருந்தது, உள்ளே ஸ்டீரியோ இரவெல்லாம் விழித்திருந்தது. சிவப்பைப் பிரித்துச் சாவியோடு வரும் ஃபியூஸுக்கு மாற்றியதும் 0.31 என்பது 0.02-க்கு இறங்கியது. வயர், டேப், அரை மணி நேரம், செலவு அவ்வளவுதான். டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர், ஓபிடி துளையில் (மெக்கானிக் ஸ்கேனரை மாட்டும் துளை) செருகிய கருவி, எப்போதும் உயிரோடு இருக்கும் துளையில் விட்டுவைத்த மொபைல் சார்ஜர் எல்லாமே அடுத்த சந்தேகங்கள். பேச்சிப்பாறை மலைப்பாதைக்கென்று போட்ட கூடுதல் விளக்குகள், பெரிய ஹார்ன் செட் ஆகியவற்றை நேராக பேட்டரியில் மாட்டியிருந்தால் ஃபியூஸ் பெட்டியில் எதுவும் தெரியாது. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு வயரையும் விரலால் தொடர்ந்து போய்ப் பாருங்கள்.

அடுத்து டிக்கி விளக்கும் டேஷ்போர்டு பெட்டி விளக்கும். மைனி சொன்னது இதுதான்: “தம்பி, பேட்டரி வாங்கி ஒரு வருசங்கூட ஆவல்ல, மறுபடி எறங்கிட்டு.” அந்த வண்டியில் பேட்டரியின் தலையைத் துடைத்த பிறகும் மீட்டர் 0.44 காட்டியது. என் மொபைலை வீடியோவில் ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடினோம். இரண்டு நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தால் வீடியோ முழுக்க மஞ்சள் வெளிச்சம். டிக்கிப் பூட்டின் சுவிட்ச் உப்பில் பூத்து ஒட்டிப்போயிருந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்தும் அது சரியாகவில்லை, சுவிட்சையே மாற்ற வேண்டி வந்தது. கதவுச் சுவிட்சுகளுக்கும் இதே கதிதான் வரும். பிரேக் லைட் சுவிட்சும் ஒட்டும். ராத்திரி வண்டிக்குப் பின்னால் போய் ஒரு முறை பாருங்கள்.

ரிலே ஒட்டிக்கொண்டதைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். வண்டி நின்று ஒரு மணி நேரம் ஆன பிறகு ஒவ்வொரு ரிலேயையும் விரலால் தொடுங்கள். எல்லாம் குளிர்ந்திருக்க ஒன்று மட்டும் வெதுவெதுவென்று இருந்தால் அதுதான். பக்கத்தில் அதே எண் போட்ட வேறு ரிலேயை மாற்றிப் போட்டு உறுதிசெய்யுங்கள்.

ரப்பர் தோட்டத்துக்கு நடுவே, தென்னந்தோப்பு ஓரம் வண்டி நிறுத்துபவர்கள் எலியை மறக்க வேண்டாம். குலசேகரம், அருமனைப் பக்கம் பானெட்டைத் திறந்தால் சருகும் தேங்காய் நாரும் குவிந்து கிடப்பதைப் பார்க்கலாம். கடித்த வயரின் தோல் உரிந்து செம்பு தெரிந்தால் மழை நாளில் மட்டும் ஒழுகும், வெயிலில் சோதித்தால் எதுவுமே தெரியாது. 2021 நவம்பர் மழையில் வெள்ளம் ஏறிய வண்டியைப் பிறகு யாராவது விலைக்கு வாங்கியிருந்தால், டிரைவர் கால் வைக்கும் இடத்துக்கு மேலே உள்ள ஃபியூஸ் பெட்டியையும் அதன் பின்னால் உள்ள கனெக்டர்களையும் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த ஃபியூஸிலும் எண் விழவில்லையா? ஆல்டர்னேட்டர் டயோடு பக்கம் போங்கள். அதற்கு வரும் தடித்த வயரில் எப்போதும் பேட்டரியின் பிளஸ் உயிரோடு இருக்கும். எர்த்தைக் கழற்றாமல் அங்கே ஸ்பேனர் வைக்காதீர்கள். அந்த வயரைக் கழற்றி டேப் சுற்றிவிட்டு, எர்த்தில் மீட்டரை மாட்டி மறுபடி அளங்கள். எண் விழுந்தால் ஆல்டர்னேட்டர்தான். கழற்றிக் கொடுத்தால் ஆட்டோ எலக்ட்ரீசியன் டயோடு பிளேட்டை மட்டும் மாற்றித் தருவார். முழு ஆல்டர்னேட்டரையும் மாற்றச் சொன்னால் முதலில் இதைக் கேளுங்கள். ஏர்பேக் வயர்களிலும் கம்ப்யூட்டர் பெட்டிக்கு உள்ளேயும் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள். அந்த இடம் வரை தேடிக் கண்டுபிடித்த எண்களை எழுதிக்கொண்டு விவரம் தெரிந்த எலக்ட்ரீசியனிடம் போனால் அவருக்கும் பாதி வேலை மிச்சம்.

வெளிநாட்டில் இருப்பவர்களின் வண்டி

நம் ஊரில் வீட்டுக்கு வீடு வளைகுடாவில் ஒருவர் இருப்பார், அவர் வரும்வரை போர்டிகோவில் ஒரு கார் நிற்கும். கோளாறே இல்லாத வண்டியும் 50 மில்லியாம்பியர் வீதம் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர் தின்னும். இரண்டு வாரத்தில் 35-ல் பாதி போய்விடும், ஒரு மாதத்தில் காலி. காலியாகவே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டு, அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முன்போல ஏறாது. வீட்டில் இருப்பவரிடம் “வாரம் ஒருமுறை அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி அணைச்சிடு” என்று சொல்லிவிட்டுப் போவதில் பலன் மிகக் குறைவு. மூன்று வாரத்துக்கு மேல் வண்டி நிற்கும் என்றால் முழு சார்ஜ் ஏற்றி எர்த்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். மாதம் ஒருமுறை யாராவது வோல்ட் பார்த்து, 12.4-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போடட்டும். எர்த் கழற்றினால் கடிகார நேரமும் கண்ணாடி தானாக ஏறும் வசதியும் அழிந்துபோகலாம், திரும்ப அமைத்துக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். ஸ்டீரியோவுக்குக் கோட் எண் இருந்தால் மட்டும் முன்பே எழுதி வையுங்கள்.

கடைசியில் பேட்டரியையே மாற்ற வேண்டி வந்தால்

நம் வெயிலில் மூன்று முதல் ஐந்து வருடம் உழைத்த பேட்டரி முதல் படியிலேயே தோற்றால் மாற்றுவதே சரி. கையேட்டில் சொன்ன அதே அளவு, டெர்மினல் இருக்கும் பக்கமும் அதே. சிக்னலில் தானாக அணைந்து எழும் வண்டிகளுக்கு இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகைதான் போட வேண்டும். விலை குறைவென்று சாதாரண பேட்டரியைப் போட்டால் சீக்கிரமே போய்விடும். பேட்டரியில் குறித்த தயாரிப்பு மாதத்தைக் கேட்டு, மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்ததைத் தவிர்த்துவிடுங்கள். வாரண்டி அட்டையில் அன்றே கடைக்காரரின் முத்திரை வாங்குங்கள். பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். ஈயமும் ஆசிட்டும் உள்ள பொருள், கொல்லைப்புறத்தில் போட்டுவைக்காதீர்கள்.

புதுப் பேட்டரி போட்ட அன்றே நான்காம் படியை ஒருமுறை செய்து, வந்த எண்ணை எழுதி வையுங்கள். அடுத்த மூன்று காலையும் வண்டியைத் தொடும் முன், கதவைத் திறக்கும் முன், பானெட்டை மட்டும் தூக்கி வோல்ட் அளங்கள். பானெட்டின் நெம்பு வண்டிக்குள் இருப்பதால் முந்தின இரவே அதை விடுவித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு காலைக்கும் மறு காலைக்கும் 0.05 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இல்லை என்றால் இரண்டு குற்றவாளிகளும் பிடிபட்டாயிற்று. என் வண்டியின் ஃபியூஸ் பெட்டி மூடிக்குள் ஒட்டிய தாளில் அந்த மூன்று எண்கள் இன்னும் இருக்கின்றன: 12.64, 12.63, 12.63.